சோழர் அரசாணை: வாய்மொழி முதல் செப்பேடு வரை

சோழ மன்னர் வாயால் இடும் ஆணைக்குத் திருவாய்க்கேள்வி என்று பெயர். அதைக் கேட்டு எழுதியவர் ‘திருமந்திர ஓலை’ எனும் அலுவலர். எழுதியதை ஒப்புநோக்கிக் கையெழுத்திட்டோர் ‘திருமந்திர ஓலைநாயகம்’. எழுதுபவர் ஒருவர், சரிபார்ப்பவர் வேறொருவர் என்ற இந்தப் பிரிவினையே முறையின் உயிர்நாடி. அதன்பின் புரவுவரித் திணைக்களத்தார் கூடி ஆணையை வரிக்கணக்கில் ஏற்றினர்.

ஆனைமங்கலச் செப்பேடுகளில் இதைப் படிப்படியாகக் காணலாம். முதலாம் இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டின் 92ஆம் நாள், தஞ்சாவூர் மாளிகையில் இருந்தபடி, நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்துக்கு ஆனைமங்கலத்தைப் பள்ளிச்சந்தமாக அளித்தான். 96ஆம் நாளிலேயே அது வரியில் ஏறியது. ஊரில் நடைமுறைக்கு வந்ததோ 23ஆம் ஆண்டில்! நாட்டார் அரசனின் திருமுகத்தை எதிர்கொண்டு வணங்கித் தலைமேல் வைத்தனர். பெண்யானையை எல்லை சுற்றி நடத்தி, கல்லும் கள்ளியும் நாட்டி, அறையோலை எழுதிக் கொடுத்தனர்.

தாமதத்தைக் குறைசொல்ல முடியாது. ஆண்டுக்கு ஏறத்தாழ 8,900 கலம் நெல் காணிக்கடனாக வரும் ஊர் அது. எல்லையில் ஒரு வரப்பு பிசகினாலும் அண்டை ஊர்களின் நிலமும் வாய்க்காலும் வழக்காகிவிடும். அதனால்தான் ஓலையில் நான்கு எல்லைகளும் வயல் வயலாக, வாய்க்கால் வாய்க்காலாக எழுதப்பட்டுள்ளன.

தந்தையின் கொடையை நிலைபெறச் செய்தவன் இராசேந்திரன். அந்த 21 ஏடுகளும் பிற்காலத்தில் நெதர்லாந்தின் லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டன. ‘லெய்டன் பெரிய செப்பேடுகள்’ என்ற பெயர் அதனால் வந்தது.