பொன்மலையில் பிறந்த பழைய இன்ஜின்

குன்னூர் ஸ்டேஷனில் மலை ரயில் இன்ஜின் மூச்சுவிட்டுக்கொண்டு நின்றது. பக்கத்தில் ஒருவர் தன் மகளிடம், "நல்லா பாத்துக்க, வெள்ளைக்காரன் காலத்து வண்டி" என்றார். நானும் அப்படித்தான் நினைத்துப் படம் எடுத்தேன். பிறகுதான் தெரிந்தது, அது 2011க்குப் பிறகு திருச்சி பொன்மலைப் பணிமனையில் செய்தது. 'அட, இவ்வளவுதானா' என்று இருந்தது. ஏமாந்துபோன மாதிரி ஓர் உணர்வு. அந்த உணர்வு தப்பு என்று புரிய எனக்குக் கொஞ்ச நாள் பிடித்தது.

மேட்டுப்பாளையம் – குன்னூர் பாதை 1899இல் திறக்கப்பட்டது. 1908இல் ஊட்டியைத் தொட்டது. கல்லாறு தாண்டினால் பன்னிரண்டரை அடிக்கு ஓர் அடி ஏற்றம். வெறும் சக்கரம் அங்கே வழுக்கிவிடும். அதனால் இரண்டு தண்டவாளங்களுக்கு நடுவே பல் வைத்த இன்னொரு தண்டவாளம். இன்ஜினின் பல்சக்கரம் அதைக் கவ்விக்கொண்டு, பெட்டிகளைப் பின்னாலிருந்து தள்ளியபடி ஏறும்.

இதற்கென்றே சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் செய்தவைதான் எக்ஸ் வகை இன்ஜின்கள். முதலாவது 1914இல், கடைசித் தொகுதி 1952இல். நான்கு சிலிண்டர்கள். சமதளத்தில் இரண்டு போதும். ஏற்றம் வந்ததும், அந்த இரண்டிலும் வேலை முடித்த நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டுக்கும் அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுழற்றுவார்கள்.

செய்த கம்பெனி இன்று அந்தப் பெயரில் இல்லை. ஸ்பேர் பார்ட்ஸ் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஆனால் நீராவி இன்ஜின் தன்னைத்தானே தின்னும் பிராணி. நெருப்பும் தண்ணீரும் சேர்ந்து பாய்லர் குழாய்களை அரிக்கும். பல்சக்கரத்தின் பற்கள் தேயும். ஓட வேண்டுமென்றால் மாற்றித்தான் ஆக வேண்டும். நூறு வருஷம் ஓடிய இன்ஜினில் நூறு வருஷத்து இரும்பு எவ்வளவு மிஞ்சியிருக்கும்?

இரும்பைக் காப்பாற்ற வேறு வழி உண்டு: ஓட்டாமல் நிறுத்திவைப்பது. 1855இல் இங்கிலாந்தின் லீட்ஸில் செய்த இ.ஐ.ஆர். 21 அப்படித்தான் பல பத்தாண்டுகள் பிகாரின் ஜமால்பூரில் காட்சிப்பொருளாக நின்றது. 2010இல் சென்னை பெரம்பூர் பணிமனைக்காரர்கள் அதை மறுபடி ஓட வைத்தார்கள். அதற்கும் புதுப் பாகங்கள் தேவைப்பட்டன. நிறுத்திவைத்தால் இரும்பு மிஞ்சும், ஓட்டினால் வித்தை மிஞ்சும். இரண்டையும் முழுசாக வைத்துக்கொள்ள முடியாது.

பொன்மலை இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தது. முதலில் எண்ணெயில் ஓடும் இன்ஜின்கள், பிறகு 2021இல் நிலக்கரியில் ஓடும் ஒன்று. நாடு முழுக்க டீசலும் மின்சாரமும் வந்தபின், பாய்லர் கட்டத் தெரிந்த கைகள் ஓய்வுபெற்றுப் போய்க்கொண்டிருந்தன. புது இன்ஜின் செய்வது என்றால் அடுத்த தலைமுறைப் பிட்டர் ஒருவர் அந்த வேலையைக் கையால் கற்றுக்கொண்டார் என்று அர்த்தம். வரைபடம் அலமாரியில் இருந்தால் மட்டும் அது வந்துவிடாது.

2005இல் யுனெஸ்கோ இந்தப் பாதையை உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. பட்டயம் சுவரில் தொங்கும். ஆனால் நாளைக்குக் கல்லாறில் பல்சக்கரம் உடைந்தால், அதைச் செய்து மாட்டத் தெரிந்த ஆள் வேண்டும்.

அடுத்த முறை குன்னூர் போனால் பெயர்ப்பலகையில் வருஷத்தைத் தேட மாட்டேன். ஷெட்டில் வேலை பார்ப்பவர்களில் இளவயதுக்காரர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்ப்பேன்.