பழைய கணினி, புதிய இயங்குதளம்: ஒரு சிறு வரலாறு

 

2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு முடிந்தது. அன்று முதல் நம் குடும்பக் குழுவிலும் பழைய மாணவர் குழுவிலும் ஒரே கேள்விதான். "டீச்சர், என் லேப்டாப் நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் விண்டோஸ் 11 இதில் ஏறாது என்று திரையில் வருகிறது. தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்கணுமா?" பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கட்டணம் கட்டுகிற மாதத்தில் நாற்பதாயிரம் ரூபாய் சின்னத் தொகை இல்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் எழுதுவதைவிட, இந்தக் கதை எங்கே தொடங்கியது என்று ஒரே பதிவில் சொல்லிவிடலாம் என்று உட்கார்ந்தேன். கொஞ்சம் நீளம்தான். தேநீர் குடித்துக்கொண்டே படியுங்கள்.

முதலில் ஒன்றைப் பிரித்துப் பார்க்க வேண்டும். "இந்தக் கணினியில் புதிய இயங்குதளம் ஓடாது" என்ற ஒரே வாக்கியத்துக்கு மூன்று பொருள் உண்டு. ஒன்று, அந்த வேலையைச் செய்யும் திறனே சில்லில் இல்லை. இரண்டு, சில்லில் திறன் இருக்கிறது, ஆனால் அதன் பாகங்களோடு பேசும் சிறு நிரல்களை, அதாவது டிரைவர்களை, நிறுவனம் எழுதவில்லை அல்லது எடுத்துவிட்டது. மூன்று, எல்லாம் இருக்கிறது, பட்டியலில் பெயர்தான் இல்லை. வகுப்பில் ஒரு பிள்ளை கணக்கில் தேறவில்லை என்பதும், புத்தகம் கொடுக்காததால் படிக்கவில்லை என்பதும், வருகைப் பதிவேட்டில் பெயர் விட்டுப்போனது என்பதும் ஒன்றாகுமா?

முதல் வகையைப் பார்ப்போம். 1981இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பர்சனல் கம்ப்யூட்டர் இன்டெல் 8088 சில்லோடு வந்தது. 1990இல் வந்த விண்டோஸ் 3.0 அந்த வகைச் சில்லிலும் ஓடியது. 1992இல் வந்த விண்டோஸ் 3.1க்குக் குறைந்தது 286 வேண்டும். 1995 ஆகஸ்டில் விண்டோஸ் 95 வந்தபோது 386 சில்லும் 4 எம்.பி. நினைவகமும் கேட்டது. இதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. 32 பிட் கணக்கும், நினைவகத்தைப் பக்கம் பக்கமாகப் பிரித்து ஆளும் வசதியும் இன்டெல் வரிசையில் 386இல்தான் வந்தன. 286இடம் அதைக் கேட்பது, கூட்டல் மட்டும் படித்த பிள்ளையிடம் இயற்கணிதம் கேட்பது போல.

அப்போதும் மக்கள் முழுக் கணினியைத் தூக்கிப் போடவில்லை. சைரிக்ஸ் நிறுவனம், 386 பொருந்தும் இடத்திலேயே பொருந்துகிற 486 வகைச் சில்லை 1992இல் விற்றது. இன்டெல் நிறுவனமே 'ஓவர்டிரைவ்' என்ற பெயரில் மேம்பாட்டுச் சில்லுகளை விற்றது. பம்புசெட்டில் பழுதான பாகத்தை மட்டும் மாற்றுகிற மாதிரி, பெட்டி அதே பெட்டி, மூளை மட்டும் புதிது.

இரண்டாவது வகைக்கு ஆப்பிள் நிறுவனத்தின் கதைதான் நல்ல எடுத்துக்காட்டு. 1994இல் மெக்கின்டாஷ் கணினிகள் பழைய மோட்டரோலா சில்லு வரிசையை விட்டு பவர்பிசி சில்லுக்கு மாறின. 1998இல் வந்த மேக் ஓ.எஸ். 8.5 பழைய வரிசையை முழுவதும் கைவிட்டது. அதுவும் நியாயமான எல்லைதான். ஆனால் 2001 மார்ச்சில் வந்த மேக் ஓ.எஸ். டென், சில ஆண்டுகளே பழையவையான பவர்பிசி கணினிகள் பலவற்றையும் பட்டியலில் சேர்க்கவில்லை. 1997இல் விற்ற பவர் மேக்கின்டாஷ் 9600 அதில் ஒன்று. தொழில்முறையாளர்கள் பெரும் பணம் கொடுத்து வாங்கியது. அதில் புதிய ஜி3 சில்லு அட்டையைச் செருகினாலும் நிறுவும் நிரல் ஏற்கவில்லை.

அப்போது ரயன் ரெம்பெல் என்ற நிரலாளர் 'எக்ஸ்போஸ்ட்ஃபேக்டோ' என்ற கருவியை எழுதினார். அவருக்கு வழி திறந்தது எது தெரியுமா? மேக் ஓ.எஸ். டென்னின் அடித்தளமான டார்வினின் மூல நிரலை ஆப்பிள் நிறுவனமே வெளிப்படையாக வெளியிட்டிருந்தது. அதைப் படித்துப் பார்த்து, பழைய கணினிகளுக்குத் தேவையான டிரைவர்களைத் திரும்பச் சேர்த்து, கணினி தொடங்கும்போதே அவை ஏறும்படி செய்தார். நிறுவனம் எடுத்துவிட்ட புத்தகத்தை இன்னொருவர் நூலகத்தில் திரும்ப வைத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வகைக்கும் ஆப்பிள் கதையிலேயே சான்று இருக்கிறது. 2007 அக்டோபரில் வந்த லெப்பர்டு பதிப்பு, 867 மெகாஹெர்ட்ஸ் வேகமுள்ள ஜி4 சில்லாவது வேண்டும் என்றது. 800 மெகாஹெர்ட்ஸ் கணினி வைத்திருந்தவர்கள் என்ன செய்தார்கள்? நிறுவும் நேரத்தில் மட்டும் கணினி தன் வேகத்தை 867 என்று சொல்லும்படி செய்தார்கள். அதற்கென்றே 'லெப்பர்டு அசிஸ்ட்' என்ற சிறு கருவியும் வந்தது. நிறுவல் முடிந்தது, இயங்குதளமும் ஓடியது. கொஞ்சம் மெதுவாக ஓடியது, அவ்வளவுதான். 67 மெகாஹெர்ட்ஸ் குறைவு என்பது வேகத்தைக் குறைத்ததே தவிர, இயக்கத்தை நிறுத்தவில்லை.

சில நேரம் தடை மிகச் சிறிய இடத்தில் ஒளிந்திருக்கும். 2006இல் வந்த முதல் மேக் ப்ரோவின் சில்லு 64 பிட். ஆனால் கணினியை எழுப்பிவிடும் உள்நிரல் மட்டும் 32 பிட். 2012இல் வந்த மவுன்டன் லயன் பதிப்பின் கருநிரல் 64 பிட் மட்டுமே என்பதால் அந்தக் கணினி விடுபட்டது. தொடக்கக் கோப்பு ஒன்றை மட்டும் ஒரு நிரலாளர் மாற்றி எழுதிக் கொடுத்தார். அந்தக் கணினிகள் மேலும் சில பதிப்புகள் ஓடின.

இந்த மரபின் இன்றைய வாரிசு 'ஓப்பன்கோர் லெகஸி பேட்சர்'. டார்டானியா என்ற தன்னார்வக் குழுவின் வேலை. கைவிடப்பட்ட மேக் கணினிகளில் புதிய பதிப்புகளை ஓட வைக்கிறது. இதற்கு ஒரு விலையும் உண்டு. பழைய கிராஃபிக்ஸ் டிரைவர்களைச் சேர்ப்பதற்காக, ஆப்பிள் முத்திரையிட்டுப் பூட்டியிருக்கும் கணினிப் பகுதியைத் திறக்க வேண்டியிருக்கிறது. பாதுகாப்பில் ஒரு படி இறங்கித்தான் இந்த வசதி கிடைக்கிறது. இதை மறைக்காமல் சொல்வதுதான் நியாயம்.

"லினக்ஸ் எந்தக் கணினியிலும் ஓடும்" என்று சிலர் சொல்வீர்கள். அதுவும் முழு உண்மை இல்லை. 1991இல் லினஸ் டோர்வால்ட்ஸ் லினக்ஸை எழுதத் தொடங்கியதே ஒரு 386 கணினியில்தான். அந்த 386க்கான ஆதரவையே 2012 டிசம்பரில் லினக்ஸிலிருந்து நீக்கினார்கள். பிறந்த வீட்டையே காலி செய்த கதை. 2017இல் உபுண்டு 32 பிட் டெஸ்க்டாப் பதிப்பை நிறுத்தியது. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13, பழைய 32 பிட் இன்டெல் கணினிகளில் புதிதாக நிறுவும் வசதியைக் கைவிட்டது. ஆனால் இங்கே ஒரு வித்தியாசம் உண்டு. ஏன் நீக்குகிறோம் என்ற விவாதம் எல்லோர் கண் முன்னாலும் நடக்கிறது. நிரலும் கையில் இருக்கிறது. வேண்டுமென்றால் இன்னொருவர் எடுத்துத் தொடரலாம்.

லினக்ஸ் கதையில் எனக்கு மிகவும் பிடித்தது பென்டியம் எம் சில்லின் கதை. தொடக்க கால பென்டியம் எம் சில்லுகள் சிலவற்றில் பி.ஏ.இ. என்ற நினைவக வசதி உண்மையில் இருந்தது. ஆனால் "உன்னிடம் அது இருக்கிறதா?" என்று நிரல் கேட்டால், "இல்லை" என்று பதில் வரும். அதனால் புதிய லினக்ஸ் ஏறாது. பிறகு 'ஃபோர்ஸ்பிஏஇ' என்று ஒரே ஒரு சொல்லைத் தொடக்கத்தில் சேர்த்தால் போதும் என்று வழி செய்தார்கள். விடை தெரிந்தும் கை தூக்காத பிள்ளைகளை என் வகுப்பில் எத்தனை பார்த்திருக்கிறேன்!

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 2021 அக்டோபர் 5ஆம் தேதி வெளியான விண்டோஸ் 11, 4 ஜி.பி. நினைவகம், 64 ஜி.பி. சேமிப்பிடம், செக்யூர் பூட், டி.பி.எம். 2.0 ஆகியவற்றைக் கேட்கிறது. டி.பி.எம். என்பது ரகசியச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் சிறு பெட்டகம். இதோடு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைச் சில்லு முதல்தான் பட்டியலில் இடம். அதனால் 2017இல் வாங்கிய பல நல்ல கணினிகள் வெளியே நிற்கின்றன. பல கணினிகளில் டி.பி.எம். இருந்தும் பயாஸ் அமைப்பில் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். எனவே முதல் வேலை, பயாஸில் அதைத் தேடிப் பார்ப்பது.

பட்டியலில் இல்லாத கணினியிலும் இதை ஏற்ற வழிகள் உண்டு. ரூஃபஸ் என்ற இலவசக் கருவியில் இந்தச் சோதனைகளைத் தவிர்க்கும் வசதியே இருக்கிறது. ஆனால் இப்படி ஏற்றியவர்களுக்குப் புதுப்பிப்புகள் தொடர்ந்து வரும் என்று மைக்ரோசாஃப்ட் உறுதி தருவதில்லை. 2024இல் வந்த 24எச்2 பதிப்பு இன்னொரு பாடம். அது எஸ்.எஸ்.இ. 4.2 வகைக் கட்டளைகளைக் கேட்கிறது. கோர் 2 டுவோ போன்ற பழைய சில்லுகளில் அவை இல்லவே இல்லை. எந்தத் தந்திரமும் அங்கே பலிக்காது. பார்த்தீர்களா, ஒரே இயங்குதளத்தில் பட்டியல் தடையும் இருக்கிறது, உண்மைத் தடையும் இருக்கிறது.

"எதற்கு இந்தப் பாடு, பழைய விண்டோஸிலேயே இருந்துவிடுகிறேன்" என்றால், 2017 மே மாதத்தை நினைத்துப் பாருங்கள். வானாக்ரை என்ற தீநிரல், புதுப்பிக்கப்படாத விண்டோஸ் கணினிகளில் புகுந்து உலகமெங்கும் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டது. இங்கிலாந்தில் மருத்துவமனைகளே தடுமாறின. 2014லேயே ஆதரவு நிறுத்திய விண்டோஸ் எக்ஸ்பிக்கும் அவசரத் திருத்தம் வெளியிட வேண்டிய நிலை மைக்ரோசாஃப்டுக்கு வந்தது. ஆகவே, புதுப்பிப்பு நின்ற கணினியில் வங்கி வேலை வேண்டவே வேண்டாம். விண்டோஸ் 10 வைத்திருக்கும் தனிநபர்கள் 2026 அக்டோபர் 13 வரை நீட்டிப்புப் பாதுகாப்புக்குப் பதிவு செய்துகொள்ளலாம். யோசிக்க அதுவரை நேரம் இருக்கிறது.

நம் ஊரில் இன்னொரு செய்தியும் உண்டு. 2011 செப்டம்பரில் தமிழ்நாடு அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. உங்களில் பலர் அதில் வாங்கியவர்கள்தான். விண்டோஸோடு, சென்னை சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் அவற்றில் கொடுக்கப்பட்டது. அதைத் திறந்தே பார்க்காதவர்கள்தான் அதிகம். அந்த மடிக்கணினி இன்று பரணில் தூங்குகிறதா? இறக்கித் தூசி தட்டுங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கோப்புகளையும் புகைப்படங்களையும் முதலில் வேறிடத்தில் நகலெடுங்கள். ஹார்ட் டிஸ்க் என்றால் எஸ்.எஸ்.டி. போடுங்கள், முடிந்தால் நினைவகத்தைக் கூட்டுங்கள். லினக்ஸை ஒரு பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமலே ஓட்டிப் பாருங்கள். வைஃபை, ஒலி, பிரிண்டர் எல்லாம் வேலை செய்தால் மட்டும் நிறுவுங்கள். தமிழ்99 விசைப்பலகையும் லிப்ரெ ஆபீஸும் அதில் உண்டு. கண்ட கண்ட வீடியோவின் கீழே இருக்கும் இணைப்பிலிருந்து எதையும் இறக்காதீர்கள். அந்தக் கருவியை எழுதியவர்களின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். அலுவலகத்துக்கோ கல்லூரிக்கோ விண்டோஸில் மட்டும் ஓடும் மென்பொருள் கட்டாயம் என்றால், தயங்காமல் புதிது வாங்குங்கள். அதில் தவறே இல்லை.

அப்படி வாங்கினாலும் பழையதை எடைக்குப் போடாதீர்கள். உள்ளே இருப்பதை முழுவதும் அழித்துவிட்டு, லினக்ஸ் ஏற்றி, படிக்கிற ஒரு பிள்ளைக்குக் கொடுங்கள். கணினித் துறையில் இருக்கும் என் மாணவர்கள் ஆளுக்கு இரண்டு கணினிகளை இப்படித் தயார் செய்து கொடுக்க முன்வந்தால் மகிழ்ச்சி அடைவேன். கருத்துப் பகுதியில் உங்கள் கணினியின் மாடலையும் வாங்கிய ஆண்டையும் எழுதுங்கள். எனக்குத் தெரிந்ததை நான் சொல்கிறேன். தெரிந்த மற்ற மாணவர்களும் சொல்வார்கள்.

அனைவரும் நலமுடன் வாழ்க.

அன்புடன்,
உங்கள் டீச்சர்