ஆற்று மீனுக்குச் சட்டம் பிறந்த கதை

ஏப்ரல் 15 வந்தால் கிழக்குக் கடற்கரையில் விசைப்படகுகள் 61 நாள் கரையில் நிற்கும். அந்தத் தடைக்கு அடிப்படையான தமிழ்நாட்டுக் கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983-இல் வந்தது. அதற்கு 86 ஆண்டுகள் முன்பே ஆறு, ஏரிகளுக்கு ஒரு மீன்பிடிச் சட்டம் வந்துவிட்டது. அதைப் பற்றிப் பேசுவார் இல்லை.

அந்தச் சட்டத்தின் கதை உல்லத்தில் தொடங்குகிறது. உல்லம் கடலில் வாழும் மீன். முட்டையிடத்தான் ஆற்றுக்கு வரும். முன்பு புதுவெள்ளம் கடலைத் தொட்டதும் கூட்டங்கூட்டமாகக் கொள்ளிடத்தில் எதிரேறும். 1836-இல் முக்கொம்பில் மேலணையும் அணைக்கரையில் கீழணையும் எழுந்தன. தஞ்சை வயல்களுக்கு அவை வாழ்வு கொடுத்தன. உல்லத்துக்கோ பாதி வழியில் சுவர். மேலே போக முடியாமல் சுவரடியில் திரளும் சினை மீனை அங்கேயே வாரிக்கொள்ளலாம்.

நீர்ப்பாசன அணைகள் மீன்வளத்தைக் கெடுக்கின்றனவா என்ற கேள்வியை 1867-இல் அரசிடம் எழுப்பியவர் ஆர்தர் காட்டன். கொள்ளிடத்து அணைகளைக் கட்டியவரே அவர்தான். தான் செய்த வேலையால் வந்த கேட்டைத் தானே விசாரிக்கச் சொல்லும் மனம் எல்லாப் பொறியாளருக்கும் வாய்ப்பதில்லை. அணைகளுக்காக அவரைக் கும்பிடுகிறவர்கள் இதற்காகவும் கும்பிட வேண்டும்.

விசாரிக்கும் பொறுப்பு சென்னை ராணுவத்தின் மருத்துவர் பிரான்சிஸ் டேக்கு வந்தது. மீன் நூலறிவில் அவருக்கு இணை அன்று இந்தியாவில் இல்லை. நன்னீர் மீன்கள் குறித்த அவருடைய அறிக்கை 1873-இல் வெளியானது. அணை மட்டுமல்ல, குஞ்சும் தப்பாத பொடிக்கண் வலை, வாய்க்காலை அடைத்து வைத்த பறி, தண்ணீரில் கலந்த நஞ்சு என்று எல்லாவற்றையும் அவர் எழுதினார். வலைக்கண்ணுக்கு அளவு வேண்டும், நிலைப்பொறிகளைத் தடுக்க வேண்டும், அணைகளில் மீனுக்கு வழி விட வேண்டும் என்றார். எளியவர்களின் சோற்றில் கை வைப்பதாகுமே என்று தயங்கியவர்களும் இருந்தனர். நியாயமான தயக்கம்தான். ஆனால் நீலகிரியில், வேட்டை விலங்குகளையும் வெளியிலிருந்து கொண்டுவந்து விட்ட மீன்களையும் காக்க 1879-இலேயே தனிச்சட்டம் வந்துவிட்டது. துரைமார் தூண்டில் போடும் ஓடைகளுக்கு யாரும் தயங்கவில்லை.

நாட்டுக்கான சட்டம் 1897-இல்தான் வந்தது. டே 1889-இலேயே காலமாகிவிட்டார். வெடி போட்டோ நஞ்சு கலந்தோ மீனைக் கொன்றால் இரண்டு மாதம் வரை சிறை, அல்லது 200 ரூபாய் வரை அபராதம். நிலைப்பொறிகளுக்கும் வலையின் அளவுக்கும் மாகாண அரசு விதி வகுக்கலாம். குறிப்பிட்ட ஒரு நீர்நிலையில் மீன்பிடிப்பதையே இரண்டு ஆண்டுகள் வரை நிறுத்தி வைக்கலாம். தனியார் நீர்நிலை என்றால் உரிமையாளரின் எழுத்துப்பூர்வமான சம்மதம் வேண்டும்.

வலைக்காரனை நோக்கி இத்தனை சொன்ன சட்டம், பாசன அணை கட்டுவோர் மீனுக்கு வழி விட வேண்டும் என்று ஒரு வரி சொல்லவில்லை. காட்டன் கேட்ட கேள்வி அப்படியே நின்றுபோனது. 1934-இல் மேட்டூர் அணையும் எழுந்தது. காவிரியில் உல்லம் அருகிப்போனது.

உங்கள் ஊர் ஆற்றில் தடுப்பணை கட்டத் திட்டம் வந்தால், மீன் ஏற வழி விட்டிருக்கிறார்களா என்று கிராம சபையில் எழுந்து கேளுங்கள்.