கடல்கோளும் நிலவெழுச்சியும்

கடல் நிலத்தைக் கொள்ளுதல் கடல்கோள் எனப்படும். சொல் ஒன்றேயாயினும் அதனுள் அடங்கும் நிகழ்ச்சிகள் ஒன்றல்ல. ஒரு நாட் பொங்கிப் பின் மீளும் பேரலை ஒன்று. நிலம் தானே தாழ, நீர் வந்து பரவுதல் மற்றொன்று. உலகெங்கணும் கடல் மட்டம் மெல்ல உயர்தல் வேறொன்று. 1964 டிசம்பரில் தனுக்கோடியை அழித்தது புயலலை. 2004 டிசம்பர் 26-ல் பெரிய நிக்கோபாரின் தென்கோடியாகிய இந்திரா முனை நிலநடுக்கத்தால் 4 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது; ஆண்டு இறங்கியது நிலமே. இவ்வேறுபாடு அறியாது பண்டை நூற்செய்திகளை ஆராயப் புகுவார் பலர் இடர்ப்பட்டனர்.

கடல் இறங்கியதா, நிலம் எழுந்ததா என்னும் வினா முதன்முதல் வலுவாக எழுந்தது சுவீடன் நாட்டிலாகும். அந்நாட்டின் பொத்னியா வளைகுடாக் கரையில், முன்னோர் படகு கட்டிய துறைகள் பின்னோர் காலத்தில் மேய்ச்சல் நிலங்களாயின. கடல்நாய் படுத்துறங்கிய பாறைகள் நீருக்கு மேல் உயர்ந்து நின்றன. வெப்பமானி அளவைக்குப் பெயர் தந்த வானநூற் புலவர் செல்சியசு, 1731-ல் ஒரு பாறையில் நீர்மட்டத்தைக் கோடிட்டுக் குறித்தார். கடல்நீர் குறைந்து வருகின்றது என்பது 1743-ல் அவர் வெளியிட்ட முடிபு. கோடிட்டது பெருஞ்செயல், முடிபோ பிழை. ஆயினும் அவரை எதிர்த்தோர் எதிர்த்தது அப்பிழை பற்றியன்று. நீர் இங்ஙனம் குறைந்து வந்ததாயின், விவிலியம் கூறும் வெள்ளத்திற்கும் உலகின் வயதிற்கும் அது பொருந்தாதே என்பதே அவர்தம் கலக்கம். ஓபு நகரத்து ஆயர் புரோவாலியசு 1755-ல் ஒரு மறுப்பு நூலே இயற்றினார்.

இத்தகைய கலக்கம் சைவ நூலார்க்கு எழ இடமில்லை. சித்தாந்தங் கூறும் சங்காரமாவது தத்துவங்கள் தத்தம் காரணத்தில் முறையே ஒடுங்கி, இறுதியில் மாயையில் அடங்குதல். கடல் சில முழம் ஏறுதலும் இறங்குதலும் படைப்பின்கண் நிற்கும் நிலமும் நீரும் தம்முட் கொள்ளும் மாறுதலேயன்றி ஒடுக்கமாகா. ஊழிவெள்ளத்தில் இறைவன் தோணியில் எழுந்தருளினான் என்னும் வரலாற்றாற் சீகாழி தோணிபுரம் எனப்பெயர் பெற்றது. அதனைக் கடலளவை கொண்டு மெய்ப்பிக்க முயல்வாரும், அவ்வளவை கொண்டே பொய்யென்பாரும் ஒரே பிழையைச் செய்பவராவர்.

நிலமே அசையும் என்பதற்குக் கண்கூடான சான்று இத்தாலியிலுள்ள பொத்சுவோலி நகரத்துத் தூண்கள். பண்டை உரோமர் அங்காடியொன்றின் எச்சமாகிய மூன்று சலவைக்கல் தூண்களின் நடுப்பகுதியிற் கல்துளைக்கும் கடற்சிப்பிகள் குடைந்த துளைகள் காணப்படுகின்றன. உலர்ந்த நிலத்திற் கட்டிய தூண், சிப்பி வாழுமளவு கடலுள் மூழ்கிப் பின் மீண்டும் எழுந்ததென்பது தெளிவு. கடல் இங்ஙனம் பல அடி ஏறியிறங்கியதாயின், அதன் சுவடு நடுநிலக்கடற் கரையெங்கும் இருத்தல் வேண்டும், இல்லை. எனவே அசைந்தது நிலம். இலயல் என்னும் நிலநூலார் 1830-ல் வெளியிட்ட தம் நூலின் முகப்பில் இத்தூண்களின் படத்தை வைத்தார். அவ்வூர் எரிமலைப் பாங்கரிலுள்ளது. 1982 முதல் 1984 வரை மட்டும் அந்நிலம் ஏறத்தாழ 1.8 மீட்டர் உயர்ந்தது. இலயல் சுவீடனது எழுச்சியை முதலில் ஐயுற்று, 1834-ல் நேரிற் சென்று கண்டபின் உடன்பட்டார்.

ஆயின் எரிமலையில்லாத சுவீடனில் நிலம் எழுவானேன்? பண்டொரு காலத்து வடபுலங்களைப் பெரும்பனிப் பரப்பு மூடியிருந்தது என்பதனை அகாசி 1840-ல் விரித்துரைத்தார். அத்துணை நீர் பனியாய் நிலத்தின்மேற் கிடந்ததாயின் கடல் அவ்வளவிற்குத் தாழ்ந்திருத்தல் வேண்டும் என மக்லாரன் உடனே கண்டுரைத்தார். 1865-ல் சேமீசன் என்னும் சுகாத்திலாந்தியர் மற்றொன்று கூறினார்: பனியின் பொறையால் நிலம் அழுந்தியது, பனி உருகியபின் பொறை நீங்கி மெல்ல எழுகின்றது. மெத்தையில் அமர்ந்தார் எழுந்தபின் அது மீளுமாறு போல்வது இது. ஆனால் இங்கு மீட்சி பதினாயிரம் ஆண்டிலும் முடிந்திலது. பொத்னியாவின் வடபாற் கரை இன்றும் ஆண்டிற்கு 9 மில்லிமீட்டர் அளவில் எழுகின்றது. உலகக் கடல் முழுவதும் ஒருங்கே ஏறி இறங்குவதற்குத் தனிப்பெயரிட்டு நிலத்தசைவினின்றும் வேறு பிரித்தவர் வியன்னாவின் சூயசு (1888).

பின்னையோர் கண்ட நுட்பம் வியப்புடையது. பனிமலைத் திரள் தன் ஈர்ப்பாற் கடல்நீரைத் தன்பால் இழுத்து நிற்கும். ஆதலின் கிரீன்லாந்தின் பனி உருகின், அதன் அண்மைக் கடல் தாழும். தொலைக்கடலே மிக உயரும். வெப்பத்தால் நீர் விரிதலும் உயர்விற்கு ஒரு காரணம். 1901 முதல் 2018 வரை உலகக் கடல் மட்டம் ஏறத்தாழ 20 சென்றிமீட்டர் உயர்ந்தது.

இனி, தென்னாட்டுக் கடல்கோள். கலித்தொகையும் சிலப்பதிகாரமும் கடல் நிலங்கொண்டமை கூறும். இறையனார் களவியலுரை சங்கங்களுக்கு முறையே 4440, 3700, 1850 ஆண்டுகள் வகுக்கும். ஏறத்தாழ 20,000 ஆண்டுகளுக்கு முன் கடல் இன்றினும் 120 மீட்டர் அளவு தாழ்ந்திருந்தது. ஈழமும் தமிழகமும் அன்று ஒரே நிலம். ஆதலின் தெற்கே நிலம் நீருள் மறைந்தது என்பது வெறுங்கதையன்று. ஆயினும், அடியார்க்குநல்லார் கூறும் 700 காவத நிலத்தை அவ்வளவு தாழ்ந்த கடலும் வெளிப்படுத்தாது. குமரிமுனைக்குத் தெற்கேயுள்ள ஆழமில்லாத் திட்டினைக் கடந்தால் கடல் ஆயிரக்கணக்கான மீட்டர் ஆழமுடையது. இலெமூரியாக் கண்டமென 1864-ல் சிகிளேத்தர் கருதியதனை நிலநூலார் கைவிட்டனர்.

கடலின் ஏற்றம் பெரும்பாலும் 7,000 ஆண்டுகளுக்கு முன்னரே முடிந்தது. 14,500 ஆண்டுகளுக்கு முன், அது மிக விரைந்த காலத்தும், ஆண்டிற்குச் சில சென்றிமீட்டர் அளவே உயர்ந்தது. ஆதலின் அஃது ஓர் இரவில் ஊரை விழுங்கிய வெள்ளமன்று. தந்தை நட்ட மரத்தடியில் மகன் வலையுலர்த்த, பேரன் அதன்மேற் படகு செலுத்திய நெடுங்காலப் பின்வாங்கலேயாம்.