எந்த ரேடியோவில் கேட்டேன்?

கென்னடியைச் சுட்ட அன்னைக்கு நீ எங்க இருந்த? 1963 நவம்பர் 22-ஐப் பற்றி அமெரிக்காவில் ஒரு தலைமுறையே இப்படிக் கேட்டுக்கேட்டு வயசாகிப் போனது. நம் பக்கத்திலும் இந்தக் கேள்விக்குக் குறைச்சல் இல்லை. இந்திரா காந்தி, எம்.ஜி.ஆர்., ராஜீவ் காந்தி, நியூயார்க்கில் இடிந்து விழுந்த ரெட்டைக் கோபுரம் என்று ஆளுக்கொரு சேதியும் அதைக் கேட்ட இடமும் வைத்திருக்கிறோம். பஸ் நின்றுபோனது, கடையை அடைத்தார்கள், ராத்திரி பூரா நடந்தே வீடு வந்து சேர்ந்தேன் என்று பேச ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பயிலரங்கு முடிந்த ராத்திரி, திண்ணையில் உட்கார்ந்து இப்படித்தான் பேசிக்கொண்டிருந்தோம். என் முறை வந்தது. வழக்கமாகச் சொல்வதைச் சொன்னேன். முப்பது வருஷமாக மேடைகளில் நான் சொல்லிவருவது அது. 1968 டிசம்பர். எனக்குப் பதினோரு வயசு. கீழத்தஞ்சையில் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம். தலைமையாசிரியர் அறையில் மர அலமாரிக்கு மேலே ரேடியோ. எங்களை வராந்தாவில் வரிசையாக நிறுத்தியிருந்தார்கள். கீழ்வெண்மணியில் கூலி கேட்ட சனங்களை, பெண்டு பிள்ளைகளை, ஒரு குடிசையில் வைத்துக் கொளுத்திவிட்டார்கள் என்று ரேடியோ சொன்னது. தலைமையாசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, மேல்துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டார்கள்.

கூட்டத்தில் வரலாறு படிக்கிற மாணவி ஒருவர் இருந்தார். ரொம்பத் தயங்கித்தான் கேட்டார். "தோழர், வெண்மணி நடந்தது டிசம்பர் 25 ராத்திரி. மறுநாள் பள்ளிக்கூடம் ஏது? அரைப்பரீட்சை லீவாச்சே?"

எனக்குச் சுருக்கென்றது. கோபம்கூட வந்தது. சாட்சி சொல்ல வந்தவனைக் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்த மாதிரி இருந்தது. ஏதோ சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அன்று தூக்கம் வரவில்லை. நான் பொய் சொல்லவில்லை. அந்த வராந்தா, அந்த ரேடியோ, அந்த மூக்குக்கண்ணாடி இன்றைக்கும் கண்முன்னால் நிற்கிறது. ஆனால் அந்தப் பெண் கேட்டதும் நியாயம். லீவில் எந்த வராந்தாவில் நான் நின்றேன்?

இந்த மாதிரி ஞாபகங்களை ஆராய்ந்தவர்கள் இருக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுத் தேடிப் படித்தேன். 1899-இலேயே கோல்கிரோவ் என்ற அமெரிக்கர், லிங்கன் சுடப்பட்ட சேதியை எங்கே கேட்டீர்கள் என்று 179 பேரிடம் கேட்டிருக்கிறார். நடந்து முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் 127 பேர் இடம் பொருள் ஏவலோடு சொன்னார்கள். 1977-இல் பிரவுன், குலிக் என்ற இருவர் இதற்கு ஒரு பெயர் வைத்தார்கள். ஃபிளாஷ் பல்ப் அடித்துப் படம் எடுத்தது போன்ற ஞாபகம். அவர்கள் கேட்டது 80 பேரிடம், கறுப்பர் 40, வெள்ளையர் 40. கென்னடி விஷயத்தில் 79 பேருக்கு அந்தப் படம் இருந்தது. மார்ட்டின் லூதர் கிங் விஷயத்தில்? கறுப்பர் 40 பேரில் 30 பேருக்கு இருந்தது. வெள்ளையரில் 13 பேருக்குத்தான். மால்கம் எக்ஸ் விஷயத்திலும் கறுப்பரில்தான் அதிகம் பேருக்கு இருந்தது.

இதைப் படித்தபோது அந்தப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். ஒரே நாடு, ஒரே ரேடியோ, ஒரே சேதி. யாருக்கு அது சாவு, யாருக்கு அது வெறும் செய்தி என்பது ஞாபகத்தில் பதிவாகிவிடுகிறது.

கிங் எதற்காக மெம்பிஸ் போனார் என்பதை நம்மவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். குப்பை அள்ளுகிறவர்களுக்காகப் போனார். 1968 பிப்ரவரி 1 அன்று மழைக்குக் குப்பை லாரியின் பின்பக்கம் ஒதுங்கிய எக்கோல் கோல், ராபர்ட் வாக்கர் என்ற இரண்டு தொழிலாளர்களை அந்த லாரியின் எந்திரமே நசுக்கிவிட்டது. 1300 பேர் வேலையை நிறுத்தினார்கள். எல்லோரும் கறுப்பர். நானும் மனிதன் என்று எழுதிய அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வரிசையாக நடந்தார்கள். அவர்களுக்குத் துணை நிற்கப் போன இடத்தில், ஏப்ரல் 4 அன்று, விடுதி மாடியில் நின்றவரைச் சுட்டார்கள். அந்த வருஷக் கடைசியில்தான் வெண்மணி. எங்கள் சேரிக்குக் கிங் செத்த சேதி வரவே இல்லை. அவர் பெயரையே நான் கல்லூரிக்குப் போன பிறகுதான் கேட்டேன். (அம்பேத்கர் இறந்த சேதி 1956-இல் எங்கள் தெருவுக்கு எப்படி, எத்தனை நாள் கழித்து வந்தது என்று அப்பாவைக் கேட்கவே இல்லை. இப்போது கேட்க அவர் இல்லை.)

நைசர் என்பவர் எழுதியதுதான் என்னை ஆட்டிவைத்தது. 1941 டிசம்பர் 7, பேர்ல் துறைமுகத்தில் குண்டு விழுந்த சேதியைத் தான் எப்படிக் கேட்டேன் என்பதை அவர் பல வருஷம் உறுதியாக நம்பியிருக்கிறார். ரேடியோவில் பேஸ்பால் ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தேன், நடுவில் நிறுத்திச் சேதி சொன்னார்கள் என்று. அப்புறம்தான் உறைத்தது. டிசம்பர் மாசத்தில் அங்கே பேஸ்பால் ஏது? நம் மாணவி கேட்ட அதே கேள்வி. வேறு இருவர் துருவிப் பார்த்து, அன்று நடந்தது கால்பந்து ஆட்டம், ஆடிய அணிகளின் பெயர் பேஸ்பால் அணிகளின் பெயரே என்று கண்டுபிடித்தார்கள். 1986-இல் சேலஞ்சர் விண்வெளி ஓடம் வெடித்த மறுநாள் காலையில் நைசர் தன் மாணவர்களிடம், நேற்று எப்படிக் கேட்டீர்கள் என்று எழுதி வாங்கி வைத்துக்கொண்டார். இரண்டரை வருஷம் கழித்து அவர்களில் 44 பேரிடம் அதையே மறுபடி கேட்டார். கால்வாசிப் பேர் சொன்னது எல்லாமே தப்பு. ஆனால் சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். அவர்களுடைய சொந்தக் கையெழுத்தைக் காட்டியபோதும் பழைய ஞாபகம் திரும்பவில்லை.

என்னிடம் கையெழுத்து ஏது? எங்கள் தெருவில் யார் எழுதி வைத்தார்கள்? அக்காதான் மிச்சம். அப்போது அவளுக்குப் பதினேழு வயசு. போய்க் கேட்டேன்.

"எந்த ரேடியோவுல கேட்டடா? நம்ம தெருவுல ரேடியோ எங்கடா இருந்துச்சு?" என்றாள்.

இருந்தது ஒரு பஞ்சாயத்து ரேடியோ, குடியானத் தெருவில். வாய்க்கால் மதகில் நின்றால் குழாய்ச் சத்தம் கேட்கும். அதற்கு மேல் போகக்கூடாது. காற்று நம் பக்கம் அடித்தால் செய்தி, எதிர்ப்பக்கம் அடித்தால் ஒன்றும் கிடையாது. பள்ளிக்கூடத்து ரேடியோவைப் பற்றியும் கேட்டேன். அக்கா கொஞ்சம் யோசித்தாள். "அது அண்ணாதுரை செத்ததுக்குடா. ஹெட்மாஸ்டர் அழுதாரு, பள்ளிக்கூடத்த வுட்டுட்டாங்கன்னு ஓடியாந்து சொன்னியே."

அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி 3. திங்கட்கிழமை. பள்ளிக்கூடம் உண்டு. வெண்மணி எரிந்தபோது முதலமைச்சர் அவர்தான். அதிலிருந்து நாற்பதாவது நாள் அவரும் போனார். தமிழ்நாடே அழுதது. அன்று வராந்தாவில் நின்ற வரிசையும், அலமாரிமேல் ரேடியோவும், துடைத்துக்கொண்ட கண்ணும் அண்ணாவுக்கானவை. அவற்றையெல்லாம் எடுத்து நான் வெண்மணிக்குக் கொடுத்திருக்கிறேன். எங்கள் 44 பேருக்கு ஒரு வாத்தியாராவது அழுதிருக்க வேண்டும் என்று பதினோரு வயசுப் பையன் ஆசைப்பட்டானோ என்னவோ. லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று யாரும் அதைப் பற்றி வாயைத் திறந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை. ஞாபகம் இல்லை என்பதை மட்டும் எப்படி நம்புவது என்று கேட்டால், அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரம் உலகம் காது கொடுத்துக் கேட்ட சேதி வேறு. அப்பல்லோ 8. மனுசன் முதல்முதலாக நிலாவைச் சுற்றிய பயணம். டிசம்பர் 24 அன்று சுற்றுப்பாதைக்குள் போய், இருபது மணி நேரத்தில் பத்துச் சுற்று சுற்றினார்கள். நிலாவுக்கு மேலே பூமி எழுந்து நிற்கிற அந்தப் புகழ்பெற்ற படத்தை எடுத்தது அப்போதுதான். நம் கணக்குப்படி 25-ஆம் தேதி காலையில், அங்கே கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி, நிலாவுக்குப் பக்கத்திலிருந்து அவர்கள் பேசியதை உலகமே கேட்டது. அன்று ராத்திரி ராமய்யாவின் குடிசை எரிந்தபோது அந்தக் கலம் பூமியைப் பார்த்துத் திரும்பி வந்துகொண்டிருந்தது. இரண்டரை லட்சம் மைலுக்கு அப்பாலிருந்து வந்த பேச்சு உடனே கேட்டது. நாகப்பட்டினம் தாலுகாவிலிருந்து எங்கள் சேரிக்குச் சேதி நடந்துதான் வந்தது. ஆள் நடந்து வந்தார். பத்திரிகையில் முதலில் 42 என்றுதான் போட்டார்கள். விவசாயிகள் மோதல் என்றார்கள். மோதலாம்!

இதையெல்லாம் அச்சில் எழுதும்போது ஒரு பயம் இருக்கிறது. பார்த்தியா, இவங்க சாட்சியமெல்லாம் இவ்வளவுதான் என்று சொல்ல ஆள் தயாராக இருக்கிறது. வெண்மணி வழக்கிலேயே அதுதானே நடந்தது? 1970-இல் கீழ்க்கோர்ட்டு கோபாலகிருஷ்ண நாயுடு உள்ளிட்டவர்களுக்குப் பத்து வருஷம் தண்டனை கொடுத்தது. 1973-இல் சென்னை உயர்நீதிமன்றம் விடுதலை செய்தது. நிறைய நிலம் உள்ளவர்கள், கார் வைத்திருக்கிறவர்கள், தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்கள் என்பதை அந்த நீதிமன்றத்தால் நம்ப முடியவில்லை. கண்ணால் பார்த்தவன் சொல்வதைவிட வீட்டு வாசலில் நிற்கிற கார் பெரிய சாட்சியாகிவிட்டது.

ஆகவே நைசர் செய்த இன்னொரு ஆய்வையும் இங்கே சொல்லியாக வேண்டும். 1989 அக்டோபர் 17 அன்று கலிபோர்னியாவில் பூகம்பம். அதில் அகப்பட்டவர்களிடமும், தூரத்து அட்லாண்டாவில் இருந்து சேதியாகக் கேட்டவர்களிடமும் அவரும் அவர் கூட்டாளிகளும் அப்போதே எழுதி வாங்கி, ஒன்றரை வருஷம் கழித்து மறுபடி கேட்டார்கள். சேதியாகக் கேட்டவர்களின் ஞாபகம் வழக்கம்போலக் கலைந்துபோயிருந்தது. பூமி ஆடியபோது அதன்மேல் நின்றவர்கள் தாங்கள் எங்கே, யாரோடு இருந்தோம் என்பதை ஏறக்குறைய அப்படியே சொன்னார்கள். நான் அட்லாண்டாக்காரன். வெண்மணிச் சேரியில் பிழைத்துக் கிடந்து, கோர்ட்டில் ஏறி ஆள் அடையாளம் சொன்னவர்கள் பூகம்பத்தில் நின்றவர்கள். என் தவறை எடுத்துக்கொண்டு அவர்களை அடிக்க யாருக்கும் உரிமை இல்லை. அதே மாதிரி, அவர்கள் பட்டதைச் சாக்காக வைத்து என் தவறை நான் மூடி மறைக்கவும் முடியாது. வருகிற டிசம்பர் 25 கூட்டத்தில் பள்ளிக்கூடத்துக் கதையைச் சொல்லப்போவதில்லை.

அப்படியானால் எதைச் சொல்வது? அக்கா சொன்னதைத் தேதி போட்டு எழுதி வைத்திருக்கிறேன். அவளும் அட்லாண்டாக்காரிதானா, பூகம்பக்காரியா என்று எனக்குத் தீர்மானமாகச் சொல்லத் தெரியவில்லை. சேதியைத்தான் கேட்டாள். ஆனால் அது எங்கள் தெருவுக்கும் அன்றைக்கே வந்திருக்கலாம் என்ற நிலைமையில் கேட்டாள்.

தேவூர்ப் பக்கம் வேலைக்குப் போயிருந்த மாமா 26-ஆம் தேதி பொழுது சாய வந்தாராம். முழங்கால் மட்டும் சேறு. எத்தனை பேர் என்று அவருக்குத் தெரியவில்லை. "ஒரு குடிசைக்குள்ள ஒதுங்குனவங்க பூராவும்" என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அம்மா சோற்றுப் பானையை அப்படியே இறக்கி வைத்துவிட்டு அடுப்பில் தண்ணீரை ஊற்றினாள். தெருவில் ஒரு வீட்டிலும் விளக்கு ஏற்றவில்லை. அன்றைக்கும் அதற்கப்புறம் நாலைந்து நாளும் யாரும் குடிசைக்குள் படுக்கவில்லையாம். வாழைக்கொல்லையில் சாக்கை விரித்துப் படுத்தோமாம். மார்கழிப் பனி. நான் இருமிக்கொண்டே இருந்தேனாம். எனக்கு இதில் ஒரு துளிகூட ஞாபகம் இல்லை.

"நீ அழுதியாக்கா?" என்று கேட்டேன்.

"அழுதா சத்தம் கேக்கும்ல" என்றாள். "நீ இருமுனப்பல்லாம் அம்மா முந்தானையால ஒன் வாயப் பொத்திக்கிட்டே கெடந்துச்சு."