திண்டுக்கல் சமவெளியில் வல்லரசுகள்

சிறுமலைக்கும் பழனிமலைத் தொடருக்கும் இடையே விரியும் சமவெளியில் அமைந்தது நிலக்கோட்டை. கொங்கு நாட்டையும் மதுரையையும் இணைக்கும் வழி இது. எனவேதான் 18ஆம் நூற்றாண்டில் மைசூர் அரசு, ஆற்காட்டு நவாபு, ஆங்கிலக் கும்பினி ஆகிய முத்தரப்பினரும் இப்பகுதியின் திண்டுக்கல் கோட்டைமீது கண் வைத்திருந்தனர். நிலக்கோட்டை முதலான பாளையங்கள் இவர்களுக்கிடையே தம் இருப்பைக் காத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

1755இல் ஹைதர் அலீ திண்டுக்கல்லின் ஃபவுஜ்தார் ஆனார். 1772இல் நவாபு முஹம்மது அலீ வாலாஜாவும் கும்பினியாரும் இணைந்து சிவகங்கையைக் கைப்பற்ற, அரசி வேலு நாச்சியார் அடைக்கலம் தேடி வந்தது இம்மண்ணுக்கே. விருப்பாட்சிப் பாளையக்காரர் இடமளித்தார். ஹைதர் அலீ படையுதவி நல்கினார். 1780இல் அரசி தம் நாட்டை மீட்டார்.

இவ்வரலாற்றைச் சமயப் போராக வாசிப்போரிடம் நாம் வினவுகிறோம்: இரு முஸ்லிம் ஆட்சியாளர்கள் எதிரெதிரே நிற்க, ஒருவர் ஓர் இந்து அரசிக்குத் துணை நின்றது எவ்வாறு? அணிகளை வகுத்தது சமயமன்று, அரசியல் தேவையே.

அத்தேவையைத் தொலைநோக்கின்றிக் கணித்தவர்களும் உளர். 1790இல் நிஜாமும் மராட்டியரும் கும்பினியோடு சேர்ந்து திப்பு சுல்தானை எதிர்த்தனர். 1792ஆம் ஆண்டின் சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் திண்டுக்கல் கும்பினி வசமாயிற்று. முறையிட மற்றோர் அரசு இல்லாத நிலையில் பாளையங்கள் தனித்து நின்றன. 1801இல் விருப்பாட்சி கோபால நாயக்கர் தூக்கிலிடப்பட்டார். அதே ஆண்டில் வாலாஜாவின் வழித்தோன்றல்களும் ஆட்சியுரிமையை இழந்தனர். எதிர்த்தவருக்கும் துணைபோனவருக்கும் கும்பினி வழங்கிய முடிவு இதுவே.