காணாத ஊருக்குப் புறப்பட்டவர்கள்

போரைப் பற்றிய நூல்கள் பெரும்பாலும் முதல் குண்டு வெடிக்கும் இடத்தில்தான் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய மாதங்கள், துப்பாக்கியைப் பிரித்துத் துடைத்துப் பூட்டிப் பழகிய பகல்களும் உறக்கம் வராத இரவுகளும், ஓரிரு வரிகளில் கடந்துவிடப்படுகின்றன. ஜான்சி ராணிப் படையின் வரலாற்றைப் படித்தபோது எனக்கு இந்த வழக்கம் பெரிய குறையாகப் பட்டது. அந்தப் பெண்களுக்குப் போர் என்பதே ஏறக்குறைய அந்த மாதங்கள்தாம்.

குயிலாப்பாளையம் அன்றைய தென் ஆர்க்காடு மாவட்டத்தின் கிழக்கோரத்தில் இருந்தது. சில கல் தெற்கே நடந்தால் பிரெஞ்சு எல்லை. புதுச்சேரிக்காரர்கள் பிரெஞ்சு ஆட்சியின் நிழலில் சைகோனுக்குப் போனார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் வாழ்ந்த ஏழைகளுக்குக் கங்காணி காட்டிய வழி மலாயாவுக்குச் சென்றது. ரப்பர்த் தோட்டங்களுக்கு ஆள் திரட்டப்பட்ட மாவட்டங்களில் இரு ஆர்க்காடுகளும் முக்கியமானவை. அப்படிக் கப்பலேறிப் போன தமிழ்க் குடும்பங்களில், அங்கேயே பிறந்த பெண்கள் பலர் 1943இல் பதினாறு, பதினெட்டு வயதை எட்டியிருந்தார்கள். ஊர் என்பது அவர்களுக்குப் பெற்றோரின் பேச்சில் மட்டுமே இருந்தது.

அவ்வாண்டு ஜூலையில் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூர் வந்து சேர்ந்தார். பெண்களுக்கென ஒரு படை வேண்டும் என்று அறிவித்தார். சென்னையில் பிறந்து, சிங்கப்பூரில் மருத்துவம் பார்த்துவந்த லட்சுமி சுவாமிநாதன் அதன் தலைவியானார். அக்டோபர் 22ஆம் நாள் வாட்டர்லூ தெருவில் பயிற்சி முகாம் திறக்கப்பட்டது. ஆயிரம் பேர் சேர்ந்ததாகச் சொல்வது வழக்கம். பிற்காலத்தில் ஆராய்ந்த வேரா ஹில்டெப்ராண்ட் ஏறத்தாழ 450 என்கிறார். எண்ணிக்கை எதுவாயினும், பெரும்பாலோர் தோட்டத்துத் தமிழ்ப் பெண்கள்.

பொழுது விடியுமுன் எழுவது பால்மரம் வெட்டப் போனவர்களுக்குப் புதிதன்று. தோட்டத்தில் பெயர் கூப்பிடும் பெரட்டுக்கு வரிசையில் நின்றவர்கள், இப்போது காக்கி உடுத்து அணிவகுப்புக்கு நின்றார்கள். துப்பாக்கி, துப்பாக்கிமுனைக் கத்தி, கையெறிகுண்டு, இரவு நடை. ஆணைகள் இந்துஸ்தானியில், அதையும் ரோமன் எழுத்தில் படித்தார்கள். தமிழ் மட்டுமே தெரிந்த ஒருத்தி, தான் பார்த்திராத நாட்டை மீட்க, தனக்குத் தெரியாத மொழியில், தெரியாத எழுத்தின் வழியே ஆணை கற்றாள் என்பதை நினைத்துப் பார்க்க வேண்டும்.

அவர்கள் எதைக் கனவு கண்டார்கள்? பதிவு செய்தவர்கள் படித்த பெண்கள்: கோலாலம்பூரின் ஜானகி தேவர், ஈப்போவின் ராசம்மா. ஜானகியின் தந்தையை இணங்கவைக்க லட்சுமியே அவர் வீட்டுக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தது. பதினாறு வயது ராசம்மா தம் சகோதரியோடு சேர்ந்தார். தோட்டத்துப் பெண்களோ நூல் எழுதவில்லை. ஆனால் 'தில்லி சலோ' என்ற முழக்கத்தைக் கேட்டு அவர்கள் தில்லியை நினைத்திருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. செம்மண்ணும் முந்திரித் தோப்பும் ஏரிக்கரையுமாகத் தாய் சொன்ன ஏதோ ஓர் ஊரைத்தான் நினைத்திருப்பார்கள்.

கவலைக்கோ ஊகம் தேவையில்லை. முகாம் திறப்பதற்கு ஐந்தே நாள் முன்பு, அக்டோபர் 17இல், சயாம் - பர்மா ரயில்பாதையின் இரு முனைகளும் இணைந்தன. 415 கிலோமீட்டர் நீளம். அதைப் போடுவதற்கு ஜப்பானியர் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோன தமிழர்களில் பல்லாயிரம் பேர் காலராவிலும் பசியிலும் மாண்டார்கள். முகாமில் படுத்திருந்த பெண்ணுக்கு அந்தக் காட்டுக்குப் போன தந்தையோ அண்ணனோ உறவினரோ இருந்திருக்கலாம். தோட்டத்தில் அரிசி இல்லை, மரவள்ளிக்கிழங்குதான். படையில் சேர்ந்தால் உணவு உறுதி, மானத்துக்கும் ஒரு காப்பு. நாட்டுப்பற்றோடு இவையும் சேர்ந்தே அவர்களை அழைத்துவந்தன என்று சொல்வதால் அவர்கள் சிறுமைப்பட்டுவிடுவதில்லை. மாறாக, இவற்றை மறைத்து வெறும் வீராங்கனைகளாக மட்டும் காட்டும் மேடைப் பேச்சுகளே அவர்களைச் சிலையாக்கிவிடுகின்றன.

1944இல் அவர்களை ரங்கூனுக்கு அனுப்பினார்கள். தம்மவர் செத்து விழுந்த அதே ரயில்பாதையில், சரக்குப் பெட்டிகளில் அமர்ந்து போனார்கள். ஒரு பகுதியினர் மேமியோ வரை சென்றார்கள். மார்ச்சில் தொடங்கிய இம்பால் படையெடுப்பு ஜூலையில் பின்வாங்கலாக முடிந்தது. போர்முனைக்கு அவர்களுக்கு அழைப்பு வரவேயில்லை. மருத்துவமனையில் காயம்பட்டவர்களுக்குப் பணிவிடை செய்தார்கள். 1945 ஏப்ரல் 24இல் போஸ் ரங்கூனை விட்டுக் கிளம்பியபோது, மலாயாப் பெண்கள் பலர் அவரோடு பாங்காக்கை நோக்கித் திரும்பினார்கள்.

லட்சுமி பர்மாவில் பிரிட்டிஷாரிடம் பிடிபட்டார். 1946 மார்ச்சில் அவரை இந்தியாவுக்கு அனுப்பிவைத்தார்கள். தோட்டத்துப் பெண்கள் மலாயாவுக்கே போனார்கள். அங்கே பால்மரங்கள் காத்திருந்தன.